இரண்டு ரீலுக்குள் ஒரு வீடு

மௌனப் படக் காலத்து இரண்டு ரீல் ஹாஸ்யப் படங்களை வெறும் கோமாளிக் கூத்து என்று ஒதுக்கிவிடும் வழக்கம், ரசிகர்கள் என்று தம்மை மதித்துக்கொள்பவர்களிடையே நெடுங்காலமாக இருந்துவருகிறது. அடி, உதை, வழுக்கி விழுதல், முகத்தில் வந்து அப்பும் கிரீம் பண்டம் என்று அவற்றின் சரக்கை எண்ணிப் பார்த்துவிட்டு, இதில் ரஸம் எங்கே இருக்கிறது என்று அவர்கள் கேட்கிறார்கள். மாக் ஸென்னட் 1912-இல் தொடங்கிய கீஸ்டோன் கம்பெனியின் படங்கள் பலவற்றைப் பொறுத்தவரை அந்தக் கேள்வி நியாயமானதே. முன்னே ஒருவன் ஓட, பின்னே போலீஸ்காரர் கூட்டம் விழுந்தடித்து ஓடுவதை எத்தனை முறைதான் பார்ப்பது? ஆயினும், பஸ்டர் கீட்டன் 1920-இல் வெளியிட்ட 'ஒன் வீக்' என்னும் படத்தைப் பார்த்த பிறகும் அதே கேள்வியைக் கேட்பவரோடு வாதாடுவதில் பிரயோஜனமில்லை.

புதிதாக மணம் முடித்த தம்பதிக்கு மாமா ஒருவர் மனையும் வீடும் பரிசளிக்கிறார். வீடு என்றால், எண்ணிட்ட பெட்டிகளில் அடைத்து அனுப்பப்பட்ட மரத் துண்டுகளும், அவற்றை எப்படிப் பொருத்துவது என்று விளக்கும் ஒரு காகிதமுமே. ஸியர்ஸ் ரோபக் போன்ற கம்பெனிகள் தபால்வழி விலைப்பட்டியல் அனுப்பி முழு வீடுகளையே இவ்வாறு விற்றுவந்த அமெரிக்காவில், இது விபரீதக் கற்பனையாக எவருக்கும் பட்டிராது. அந்தப் பெண்ணை மணக்க நினைத்து ஏமாந்த ஒருவன் பெட்டிகளின் எண்களைத் திருட்டுத்தனமாக மாற்றிவிடுகிறான். மணமகனோ காகிதத்தில் கண்ட முறையிலிருந்து இம்மியும் பிசகாமல், சாஸ்திரோக்தமாக வேலை செய்து, சுவர்கள் கோணி, மாடிக் கதவு அந்தரத்தில் திறக்கும் ஒரு விநோத மாளிகையை எழுப்பிவிடுகிறான். அவன் மூடனல்லன், சோம்பேறியுமல்லன். விதியை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றிய ஒருவன் அவ்விதியாலேயே வஞ்சிக்கப்படுவதைக் கண்டு எழும் சிரிப்பில், சர்க்கார் ஆபீஸ் படிவம் ஒன்றையேனும் பூர்த்தி செய்து கொடுத்து அனுபவப்பட்டவருக்குச் சொந்த வலியும் சற்றே கலந்திருக்கும்.

கீட்டனின் முகத்தில் மட்டும் சிரிப்பே தோன்றுவதில்லை. பெற்றோரின் நாடக மேடையில், தந்தையார் தூக்கி எறியும் பொருளாகவே பால்யத்தைக் கழித்த அவர், தாம் சிரித்தால் சபையின் சிரிப்புக் குறைந்துவிடும் என்பதை அங்கேயே கற்றுக்கொண்டார். 1917-இல் ராஸ்கோ ஆர்பக்கிளின் ஸ்டூடியோவில் முதன்முதல் காமிராவைக் கண்டபோது, நடிப்பைப் பற்றி விசாரிப்பதற்கு முன் அந்த யந்திரம் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை ஆராயத் தொடங்கியவர் அவர். ஆகையால்தான் புயற்காற்றில் வீடு சுழலும் காட்சிக்காக, வீட்டையே ஒரு சுழல்மேடை மீது நிறுத்தி உண்மையாகவே சுழலவைத்தார்; காமிராவைத் தூரத்தில் வைத்து, விழுகிற உடல் தலைமுதல் கால்வரை தெரியும்படி படம் பிடித்தார். இதில் கபடம் இல்லை என்பது பார்ப்பவருக்குத் தெரிந்தாலன்றி அந்த ஹாஸ்யம் பலிக்காது.

இப்படங்கள் பொம்மலாட்டம் போலத் துள்ளுகின்றன என்ற புகாருக்குப் பெரும்பாலும் நடிகர்கள் பொறுப்பல்லர். காமிராவைக் கையால் சுற்றிய காலம் அது. துரத்தல் காட்சிகளில் வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றி வேகத்தைக் கூட்டிக்கொண்டதும் உண்டு. ஆனால் பேசும் படத்துக்கென்று விநாடிக்கு 24 படங்கள் என்ற கணக்கு நிலைத்த பின்னர், அதைவிடக் குறைந்த வேகத்தில் எடுக்கப்பட்ட பழைய படங்களையும் அதே வேகத்தில் ஓட்டி, போதாக்குறைக்கு ஒரு டமடம வாத்தியத்தையும் சேர்த்துவிட்டவர்கள் செய்த அபசாரமே பெரிது.

'ஒன் வீக்' படத்தின் முடிவுக்கு வருகிறேன். வீடு வேறொருவர் மனையில் எழும்பிவிட்டது என்று தெரியவர, இருப்புப்பாதைக்கு அப்பாலுள்ள தங்கள் மனைக்கு அதை இழுத்துச் செல்கையில் தண்டவாளத்தின் நடுவே அது சிக்கிக்கொள்கிறது. ரயில் வருகிறது, தம்பதிகள் கண்ணை மூடிக்கொள்கிறார்கள், ரயிலோ பக்கத்துத் தண்டவாளத்தில் வீட்டைத் தொடாமல் போய்விடுகிறது. அப்பாடா என்று நாம் மூச்சுவிட்டு முடிப்பதற்குள், எதிர்த்திசையிலிருந்து வந்த மற்றொரு ரயில் வீட்டைச் சுக்குநூறாக்குகிறது. நம் எதிர்பார்ப்பை எழுப்பி, ஏமாற்றி, அந்த ஏமாற்றத்தையும் மறுபடி ஏமாற்றும் இந்தத் தாளக்கட்டை லயஞானம் இல்லாதவன் கனவிலும் அமைக்க முடியாது. கணவன் இடிபாட்டின் மேல் விற்பனைப் பலகையை வைத்து, வீடு கட்டும் காகிதத்தையும் வாங்குபவருக்கு உபகாரமாகச் சேர்த்துவைத்துவிட்டுப் போகிறான்!

கீட்டனின் முழுநீளப் படங்களுள் 1926-இல் வந்த 'தி ஜெனரல்' படத்தையே பண்டிதர்கள் சிகரமாகப் போற்றுகிறார்கள். எனக்கென்னவோ 1920 முதல் 1923 வரை அவர் தந்த 19 குறும்படங்களின் மீதுதான் பக்ஷபாதம். நீண்ட படத்தில் காதலுக்கும் கதைப் பின்னலுக்கும் நேரம் ஒதுக்கியே தீர வேண்டும். இருபது நிமிஷத்திலோ ஒரே ஒரு விபரீதத்தை எடுத்துக்கொண்டு, அதன் தர்க்கம் எங்கே கொண்டுபோய் விடுகிறதோ அதுவரை தயவுதாட்சண்யமின்றித் துரத்தலாம்.