சைலன்ஸரை மாற்றுவோர் கவனத்திற்கு

சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று, நாகபுரியிலிருந்து வார்தா செல்லும் சாலையில், பூட்டிபோரியைக் கடந்து சிறிது தொலைவில், நமது ரயில்வே குடியிருப்பைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் ஓட்டிச் சென்ற புல்லட்டின் பின்சக்கரம் திடீரென இறுகி நின்றது. பின்னால் அமர்ந்திருந்த தாயாருக்கு முழங்காலில் காயம். பின்தொடர்ந்து லாரி ஏதும் வராமையால் அதனோடு போயிற்று. எஞ்சினைப் பிரித்துப் பார்த்தபோது பிஸ்டனின் ஓரம் உருகிச் சிலிண்டர் சுவரில் ஒட்டியிருந்தது.

வண்டி அவருடைய பாட்டனார் 1988இல் வாங்கியது. திருவொற்றியூரில் செய்யப்பட்ட பழைய 350. பேரன் அதன் வடிகட்டிப் பெட்டியைக் கழற்றி எறிந்து, கூம்பு வடிவான திறந்த ஏர் பில்டர் ஒன்றைப் பொருத்தினார். தடுப்பில்லாத சைலன்ஸர் ஒன்றையும் மாட்டினார். கார்புரேட்டரை மட்டும் தொடவில்லை. முந்திய நாள் மாலை அவர் திராட்டிலை மூடும்போதெல்லாம் சைலன்ஸர் படபடவென வெடித்தது. நாமோ, “என்ன தம்பி, தீபாவளி இன்னும் வரவில்லையே!” என்று நகைத்துவிட்டு உள்ளே சென்றோம். அவ்வோசையின் பொருளை முன்பே நம் சொந்த வண்டியில் கண்டறிந்திருந்தும் வாய் திறவாதிருந்தது நமது பிழை. ஆதலால் இம்மாதப் பகுதி அதைப் பற்றியதே.

கார்புரேட்டரின் குறுகிய தொண்டை வழியே காற்று விரையும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அக்குறைவே கீழ்க் கிண்ணத்திலுள்ள பெட்ரோலை மேலே இழுக்கிறது. பழைய பெட்டி காற்றைச் சற்றுத் தடுப்பதால் இழுப்பு மிகுதி. அத்தடையைக் கணக்கிட்டே ஜெட்டின் துளை அமைக்கப்பட்டுள்ளது. தடை நீங்கினால் காற்று பெருகும், இழுப்போ தளரும். பெட்ரோல் ஒரு பங்குக்கு எடையளவில் 14.7 பங்கு காற்று இருந்தால் இரண்டும் மிச்சமின்றி எரியும். முழு வேகத்தில் செல்ல வேண்டின் ஏறத்தாழ 13 பங்கே தகும். அந்நிலையில் காற்று மிகுந்தால் எஞ்சின் அளவு மீறிச் சூடேறும். வார்தா சாலையில் நிகழ்ந்தது இதுவே.

பழைய புல்லட்டிலுள்ள ஸ்லைடு வகைக் கார்புரேட்டரில் வேலைப் பங்கீடு தெளிவானது. திராட்டில் முக்கால் பங்கைத் தாண்டியபின் ஆட்சி செய்வது மெயின் ஜெட். கால் முதல் முக்கால் வரை ஊசி. அதற்குக் கீழே ஸ்லைடின் வெட்டும், பைலட் ஜெட்டும், காற்றுத் திருகும். திராட்டில் பிடியில் காகித நாடா ஒட்டிக் கால், அரை, முக்கால் என்று குறித்துக்கொள்வது நலம். எந்த இடத்தில் வண்டி தயங்குகிறது என்பதை ஊகத்தால் அறிய இயலாது.

முதலில் இன்டேக் ரப்பரிலும் சைலன்ஸர் மூட்டிலும் காற்றுக் கசிவு இல்லையென உறுதி செய்க; கசிவினாலும் வெடியோசை வரும். பின்னர் மெயின் ஜெட். எண் கூடினால் துளை பெரிது. இரண்டு எண் பெரியதில் தொடங்கிக் கீழே இறங்குவதே பாதுகாப்பு. பெட்ரோல் மிகுந்தால் புகையும் செலவுமே, குறைந்தால் பிஸ்டன் போகும். புதிய பிளக்கைப் பொருத்தி, ஆளில்லாச் சாலையில் மூன்றாம் கியரில் முழுத் திராட்டிலில் சிறிது தூரம் ஓட்டி, கிளட்சைப் பிடித்து அக்கணமே எஞ்சினை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். வெண்மை பெட்ரோல் போதாமையைக் காட்டும். கரி அது மிகுந்ததைக் காட்டும். வெளிர் பழுப்பே வேண்டுவது. இன்றைய ஈயமில்லாப் பெட்ரோலில் நிறம் மங்கலாகவே தெரியும், பொறுமையுடன் நோக்குக. கடையில் சிலர் பழைய ஜெட்டையே கம்பியால் குடைந்து பெரிதாக்கித் தருவர். அதற்கு ஒருபோதும் இணங்கற்க. புதிய பித்தளை ஜெட்டின் விலை சொற்பமே.

அடுத்து ஊசி. அதன் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் ஊசி உயர்ந்து பெட்ரோல் கூடும். இறுதியில், எஞ்சின் நன்கு சூடானபின் காற்றுத் திருகு. உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும், வெளியே திருகினால் குறையும். முழுதும் உள்ளே திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்துத் தொடங்கி, ஐடிலிங் சீராகும் இடத்தைத் தேடுக. ஒரு சுற்றுக்குள்ளேயே சீரானால் பைலட் ஜெட் சிறிது. மூன்று சுற்றைத் தாண்டினால் பெரிது.

2020க்குப் பின் வந்த புல்லட்டுகளில் இவ்வேலைக்கு இடமில்லை. அவற்றில் பெட்ரோலைக் கணினியே அளந்து செலுத்துகிறது.

உண்மையைக் கூறின், 18 குதிரைத் திறன் கொண்ட இவ்வண்டிக்கு இம்மாற்றங்களால் கூடும் வலிமை சிறிது, கூடும் ஓசையே பெரிது. அவ்வோசைக்கு விலையும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2)ஆம் பிரிவின்படி, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். புகைச் சோதனையும் உண்டு: 2000 மார்ச்சுக்கு முந்திய வண்டியாயின் கார்பன் மோனாக்ஸைடு 4.5 விழுக்காட்டைத் தாண்டலாகாது. எனவே, கழற்றிய பழைய பெட்டியை எடைக்குப் போடாதீர்கள்.

அவ்விளைஞர் சிலிண்டரைக் குடைந்து புது பிஸ்டன் போட்டுவிட்டார். பழைய சைலன்ஸர் திரும்பிவிட்டது. திறந்த பில்டரை மட்டும் விட மனமில்லை. ஆதலால் சென்ற ஞாயிறு இருவருமாக அமர்ந்து ஜெட்டை மாற்றினோம். மூன்றாம் ஓட்டத்தில் பிளக் பழுப்பு நிறம் காட்டியது. அவருடைய தாயார் இன்னும் பின்னால் ஏறவில்லை. அளவு பார்த்து மிஞ்சிய சில ஜெட்டுகள் நம்மிடம் உள்ளன. வேண்டுவோர் சங்கக் கூட்டத்தன்று கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.