படுக்கையருகே ஒரு தராசு

அளவையிலும் நிறுவையிலும் குறைவு செய்வோரை எச்சரிக்கும் ஸூரத்துல் முதஃப்ஃபிஃபீனை ஓதும்போது நம் நினைவுக்கு வருவது கடைவீதித் தராசுதான். மருத்துவமனைப் படுக்கையருகே இருக்கும் ஒரு சிறு தராசை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. விரல்நுனி இரத்தத்தில் சர்க்கரையை அளக்கும் குளுக்கோமீட்டரே அது.

அண்மையில் உறவினரான மூதாட்டி ஒருவரை நலம் விசாரிக்கச் சென்றிருந்தோம். பேரனுக்கு ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்துவிட்டு அமர்ந்திருந்தார். செவிலியர் விரலில் குத்திப் பார்க்க, கருவி 312 என்று காட்டியது. இன்சுலின் போட ஆயத்தமானபோது மூத்த செவிலியர் ஒருவர் தடுத்தார். கையைச் சோப்பிட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைக்கச் செய்து மீண்டும் பார்த்தார். இப்போது 148! விரலில் ஒட்டியிருந்த பழச்சாறே முதல் எண்ணுக்குக் காரணம்.

அந்த எண்ணை நம்பி மருந்து செலுத்தியிருந்தால் என்னவாகியிருக்கும்? சர்க்கரை 70க்கும் கீழே இறங்கினால் வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வரும். மேலும் இறங்கினால் நினைவே தப்பும். மயக்கத்தில் கிடக்கும் நோயாளியால் அதை வாய்விட்டுச் சொல்லவும் இயலாது.

பிழைக்கு வழிகள் பல. ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்தே வைத்தால் ஈரம் ஏறிக் கெட்டுவிடும். இரத்தசோகை உள்ளவருக்குக் கருவி கூடுதலாகக் காட்டக்கூடும். சிலவகை ஸ்ட்ரிப்புகள், வயிற்றுவழி டயாலிசிஸ் கரைசல் ஒன்றிலிருந்து உடலில் உண்டாகும் மால்டோஸையும் குளுக்கோஸ் என்றே கணக்கிட்டன. இத்தகைய பிழையோடு தொடர்புடைய 13 மரணங்கள் 1997 முதல் பதிவாகியிருப்பதாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2009இல் எச்சரித்தது.

ஆகவேதான் தராசையும் சோதிக்க வேண்டியுள்ளது. சர்க்கரை அளவு முன்பே தெரிந்த கண்ட்ரோல் கரைசலை ஸ்ட்ரிப்பில் இட்டு, வரும் எண் உற்பத்தியாளர் குறித்த வரம்புக்குள் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். அதைத் தேதியுடன் பதிய வேண்டும். வரம்பு மீறிய கருவியை ஒதுக்கிவைக்க வேண்டும். அவ்வப்போது ஆய்வுக்கூட முடிவுடன் ஒப்பிட வேண்டும். எனினும், கழுவாத விரலின் பிழையைக் கண்ட்ரோல் கரைசல் காட்டிக்கொடுக்காது. அதற்குக் கருவியைக் கையாள்வோருக்கு முறையான பயிற்சி தேவை.

‘இத்தனை நோயாளிகளுக்கு நடுவே இதற்கெல்லாம் நேரம் ஏது?’ என்று கேட்கப்படலாம். செவிலியரின் சுமையை நாம் அறிவோம். ஒருவர் மீதே பல வார்டுகளின் பாரத்தை ஏற்றிவிட்டுப் பதிவேட்டை மட்டும் கேட்கும் நிர்வாகமே இதற்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். ஆனால், சோதிக்காமலேயே ‘சரி’ என்று கையெழுத்திடுவது வெறும் அலட்சியமன்று. அது பொய்ச்சாட்சியம் என்பதே நம் கருத்து. கடைத் தராசு பொய்த்தால் நட்டம் சில ரூபாய். இந்தத் தராசு பொய்த்தால் ஓர் உயிர்.

நமக்கும் இதில் பங்குண்டு. சோதனைக்கு முன் நோயாளியின் கையைக் கழுவிவிடுவோம். ஒவ்வொருவருக்கும் புதிய ஊசி எடுக்கப்படுகிறதா எனக் கவனிப்போம். எண்ணும் நோயாளியின் நிலையும் பொருந்தாவிட்டால், ‘சிஸ்டர், இன்னொரு முறை பார்க்கலாமா? இந்தக் கருவியைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள்?’ என்று கனிவாகக் கேட்போம். அந்தக் கேள்வி சண்டையாகிவிடக் கூடாது. அன்று நம் மூதாட்டியைக் காத்ததும் ஒரு செவிலியரின் நிதானமே.

நோயாளியின் உயிர் அமானிதம். அதை அளக்கும் கருவியும் அமானிதமே. இரண்டையும் பேணும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.