முட்டி மாற்றினால் போதுமா?

ஆடி அமாவாசை நெருங்கினால் எம். புதுப்பட்டிப் பக்கம் பேச்சு சதுரகிரி மலைக்கோயிலுக்குத்தான் போகும். அரிசி, பருப்போடு தாணிப்பாறை வழியே ஏறி, மேலேயே பொங்கித் தின்று தங்கிய காலம் உண்டு. 2015 மே மாதக் காட்டாற்று வெள்ளம் பக்தர்களைப் பலிகொண்ட பிறகு கெடுபிடி இறுகிவிட்டது. அது கிடக்கட்டும், ஐம்பதைத் தாண்டிய பெண்கள் பலருக்கு முட்டியே தடை போட்டுவிடுகிறது. அவர்கள் பார்க்கும் பட்டாசு, தீப்பெட்டி வேலையில் பாதி, தரையில் சம்மணம் போட்டுச் செய்வது.

2017 ஆகஸ்டில் செயற்கை முட்டிக்கு மத்திய அரசு விலை உச்சவரம்பு வைத்தது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்ற கோபால்ட் குரோமியம் ரகம் 54,720 ரூபாய்க்கு இறங்கியது. நல்ல காரியம். ஆனால் அறுவை முடிந்ததும், “தரையில் உட்காராதீங்க, குந்தாதீங்க” என்கிறார் டாக்டர். சரி, கூலிக்கு என்ன வழி? 2021இல் வந்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் பிசியோதெரபியை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. அதேபோல ஆலைக்காரர்களும் குழாய் சுற்றுவது, பெட்டி ஒட்டுவது போன்ற வெடிமருந்து படாத வேலைக்காவது மேசையும் ஸ்டூலும் போடலாமே! அதற்கு என்ன பெரிய செலவு? மலை அப்புறம். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முட்டிக்குப் பாரம் அதிகம். டாக்டர் சரி என்று சொல்லட்டும்.