குட்டி பாட்டிலுக்கு மட்டும் சலுகையா?

எங்க ஊர் தூத்துக்குடி பனிமய மாதா திருவிழாக் கடையில நெயில் பாலிஷ் பார்த்தா பொண்ணுங்க நகரவே மாட்டாங்க. இப்போ குழந்தைகளுக்குன்னே 'வாட்டர் பேஸ்டு, நான்-டாக்ஸிக்'னு விக்கிறாங்க. நல்ல விஷயம்தான். சாதா பாலிஷ்ல மூக்கைத் துளைக்கிற எத்தில் அசிடேட், பியூட்டில் அசிடேட் கரைப்பான்களுக்குப் பதிலா இதுல தண்ணி. ஆனா தண்ணி போக அக்ரிலிக் பிசின், நிறமி எல்லாம் இருக்கே? விரல் சூப்புற புள்ளைக்குப் பூசுறதுல என்னென்ன இருக்குன்னு தெரிய வேணாமா?

2020-ல வந்த அழகுசாதனப் பொருள் விதிகள்படி, 60 மில்லிக்குக் குறைவான திரவத்துக்கு உட்பொருள் பட்டியல் கட்டாயமில்லை. நெயில் பாலிஷ் பாட்டில் அந்த அளவை எட்டுறதே அபூர்வம்! குழந்தைகள் பொருளுக்காவது இந்தச் சலுகையை எடுக்கணும். அதுவரைக்கும் பட்டியல் போடாத பாட்டிலை வாங்காதீங்க மக்களே.