பட்டை சேர்த்தால் போதுமா? பிராக்கெட்டைப் பாருங்கள்!

தம்மம்பட்டி வட்டாரத்தில் இன்று மொத்த வியாபாரிகளிடம் மட்டுமல்ல, நடுத்தர மளிகைக் கடைக்காரர்கள் பலரிடமும் சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி நிற்கிறது. சேலம் லீ பஜாரிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் சரக்கு எடுத்து, ஆத்தூர் வழியாக ஊர் வந்து சேர்வதும், இங்கிருந்து கொல்லிமலை, பச்சைமலை அடிவாரத்துக் கடைகளுக்குச் சரக்குப் போட்டு வருவதும் இந்த வண்டிகள்தாம். லாரி சர்வீஸில் புக்கிங் போட்டுவிட்டு நாள் கணக்கில் காத்திருந்த நிலை மாறியது நல்லதே. ஆனால் அன்று லாரி முதலாளி பார்த்துக்கொண்ட வேலை இன்று கடைக்காரரின் தலையில் வந்து விழுந்திருக்கிறது. ஆயில் மாற்றுகிறார்கள், டயர் பார்க்கிறார்கள். பின்பக்கத்துப் பட்டையைத் தாங்கி நிற்கும் பிராக்கெட்டைக் குனிந்து பார்ப்பவர்கள் மிகச் சிலரே.

வண்டி பின்னால் அமுங்கினால் பட்டறைக்குப் போய் இன்னொரு பட்டை சேர்த்துக் கட்டிவிடுவது என்பது ஊர்வழக்கமாகிவிட்டது. பட்டைக் கட்டு கனத்தால் வண்டி அமுங்காதுதான். ஆனால் ஏற்றிய பாரம் எங்கே போகிறது என்று யோசிக்க வேண்டாமா? பட்டை வளைந்து கொடுத்தால் குழியில் விழும் அடியில் பெரும்பகுதியை அதுவே வாங்கிக்கொள்ளும். வளையாத கட்டாக அதை இறுக்கிவிட்டால் அந்த அடி நேராக பிராக்கெட்டுக்கும், புஷ்ஷுக்கும், போல்ட்டுக்கும் போகிறது. கம்பெனி அந்த பிராக்கெட்டைச் செய்தது வண்டியின் புத்தகத்தில் எழுதியுள்ள பாரத்துக்கு. கூடுதலாகச் சேர்த்த பட்டை பிராக்கெட்டின் பலத்தைக் கூட்டுவதில்லை.

இந்த அமைப்பைச் சற்று விளக்க விரும்புகிறோம். பட்டையின் முன் நுனி சேஸிஸில் உள்ள பிராக்கெட்டில் ஒரு போல்ட்டால் நிலையாக மாட்டப்பட்டிருக்கிறது. பின் நுனி, ஷாக்கிள் என்னும் ஊசலாடும் துண்டில் தொங்குகிறது. பாரம் ஏறினால் வளைந்த பட்டை நிமிர்ந்து நீளும். அதற்கு இடம் கொடுக்கவே ஷாக்கிள். பின் அச்சைப் பிடித்து வைத்திருப்பது இந்தப் பட்டை மட்டும்தான். ஷாக்கிள் பக்கம் பிய்ந்தால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். முன் பிராக்கெட் பிய்ந்தாலோ அச்சு ஒரு பக்கம் பின்னுக்கு நழுவி, வண்டி ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படாமல் இழுக்கும். மலைச்சரிவில் பிரேக் போடும் நேரத்தில் அப்படி நேர்ந்தால் டிரைவர் என்ன செய்வார்?

மளிகை வியாபாரிகளுக்கு மட்டும் உள்ள ஒரு தனி ஆபத்தையும் சொல்ல வேண்டும். அதுதான் உப்பு. கல் உப்பு மூட்டை ஈரம் கசிந்தால் அந்த நீர் தளத்தின் இடுக்கு வழியாக இறங்கி, பிராக்கெட்டும் சேஸிஸும் சேரும் மடிப்பில் தங்கிவிடுகிறது. உர மூட்டையும் அப்படித்தான். வெளியே பெயிண்ட் பளபளக்கும். உள்ளே இரும்பு அடுக்கடுக்காக உரியும். அமெரிக்காவில் 2014-ல் டொயோட்டா நிறுவனம் சுமார் 6,90,000 டகோமா பிக்கப் வண்டிகளைப் பட்டை முறியும் ஆபத்துக்காகத் திரும்ப அழைத்தது. பாரத்தின் அழுத்தமும் துருவும் சேர்ந்து பட்டையை முறிக்கக்கூடும் என்பதே அவர்கள் சொன்ன காரணம். அங்கே பனி உருகச் சாலையில் உப்புத் தூவுகிறார்கள். இங்கே உப்பை வண்டியிலேயே ஏற்றுகிறோம்! உப்பு லோடு இறக்கிய அன்றே அடிப்பாகத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவச் சொல்லுங்கள். தார்ப்பாயை மூட்டைக்கு மேலே போடுவதோடு நிறுத்தாமல் அடியிலும் ஒன்றை விரிக்கலாம்.

தேய்மானம் முன்கூட்டியே குரல் கொடுக்கும். வெறும் வண்டி குழியில் இறங்கும்போது பின்னால் 'டக்' என்று தட்டும். சமதரையில் நிறுத்தினால் ஒரு பக்கம் தாழ்ந்திருக்கும். பின்னால் வருபவர் பார்த்தால் வண்டி நண்டு போல ஒருக்களித்து ஓடும். பின் டயர் ஒரு பக்கமாகத் தேயும். சந்தேகம் இருந்தால், ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன் சக்கரத்தின் நடுவிலிருந்து பின் சக்கரத்தின் நடுவரை இருபுறமும் ஒரு கயிற்றால் அளந்து பாருங்கள். அளவு வேறுபட்டால் அன்றைக்கு லோடு ஏற்ற வேண்டாம்.

மாற்றும் வேலையில் நமக்குத் தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு. விரிந்த பிராக்கெட்டின் மேல் வெல்டிங் வைத்துத் தருகிறோம் என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தச் சூட்டில் சேஸிஸ் இரும்பு பலம் இழந்து, பக்கத்திலேயே புது விரிசல் விடும். பட்டையின் மேல் வெல்டிங் படவே கூடாது. பழைய ரிவிட்டை அறுத்து எடுத்து, துளைக்குச் சரியாகப் பொருந்தும் ஹை டென்சில் போல்ட் போட்டுப் புது பிராக்கெட்டை மாட்டுவதே முறை. புஷ்ஷையும் போல்ட்டையும் இரு பக்கமும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது. ரப்பர் புஷ் உள்ள வண்டியில், ஜாக்கியில் தூக்கி நிற்கும்போதே போல்ட்டை முழுதாக முறுக்கிவிட்டால் புஷ் சீக்கிரம் கிழியும். சக்கரம் தரையில் ஊன்றி வண்டி தன் எடையில் நின்ற பிறகே கடைசி முறுக்கு. சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். இதையெல்லாம் கேட்டால் மெக்கானிக் முகம் சுளிக்கலாம். வண்டி நம்முடையது, கேட்கலாம்.

எஃப்.சி. வாங்கிய வண்டிதானே என்று சிலர் சொல்கிறார்கள். புது வண்டிக்கு எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் எஃப்.சி. பாரம் அன்றாடம் ஏறுகிறது. 1,500 கிலோ வண்டிக்கு 50 கிலோ சர்க்கரை மூட்டை 30. 750 கிலோ குட்டி யானைக்கு 15. இந்தக் கணக்கு நமக்குத் தெரியாததல்ல. 2019 திருத்தத்துக்குப் பின் அதிக பாரத்துக்கு அபராதம் ரூ.20,000/-, கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் ரூ.2,000/-. ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்டச் செய்தவரும் அனுமதித்தவரும் இதற்குப் பொறுப்பு என்கிறது சட்டம். பிராக்கெட்டின் விலையோ ஒரு டயரின் விலையைக்கூட எட்டாது.

"பின்னாடி தட்டுதுங்க முதலாளி" என்று டிரைவர் சொன்னால், "இந்த ஒரு நடை போயிட்டு வா, அப்புறம் பார்க்கலாம்" என்று பதில் சொல்லும் கடைகள் இருக்கின்றன. அந்த ஒரு நடையில் வண்டிக்குள் இருப்பவர் அவர். கல்லாவில் இருப்பவர் முதலாளி. தட்டுகிறது என்று சொல்லும் டிரைவருக்கு அன்றைய படியைக் குறைக்காமல் கொடுத்து, வண்டியைப் பட்டறைக்கு அனுப்புவதுதான் நியாயம் என்பது நமது கருத்து.

ஊர்ச் சங்கங்கள் இதில் ஒன்று செய்யலாம். தீபாவளிச் சரக்கு ஏறத் தொடங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல பட்டை மெக்கானிக் ஒருவரை அழைத்து, உறுப்பினர்களின் வண்டிகளை எல்லாம் ஒரே இடத்தில் தூக்கிப் பார்க்கச் சொல்லலாம். பார்க்கும் கூலியைச் சங்கம் ஏற்கட்டும். மாற்றும் செலவு வண்டிக்காரருடையது. பொங்கல் வெல்லம் வருவதற்கு முன் மறுபடி ஒருமுறை.