உத்திரமேரூர் கோயிலில் ‘எலெக்‌ஷன்’ கல்வெட்டு: உண்மையில் என்னதான் எழுதியிருக்கு?

காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 30 கி.மீ. தூரத்தில் இருக்கும் சின்ன ஊர் உத்திரமேரூர். இங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு வருகிறவர்களில் பலர், ‘ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே இங்க எலெக்‌ஷன் நடந்துச்சு’ என்று ஒரு செல்ஃபி போட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். ஆனால், சுவரில் இருக்கும் விஷயம் இன்னும் சுவாரஸ்யமானது.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ல் எழுதப்பட்ட விதிகள் அவை. ஊரில் 30 குடும்புகள், அதாவது வார்டுகள். தகுதியானவர்களின் பெயரை ஓலையில் எழுதி, குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். அதனால்தான் ‘குடவோலை’. ஓட்டெல்லாம் கிடையாது, குலுக்கல்தான்!

யாருக்குத் தகுதி?

வயது 35-க்கு மேல், 70-க்குள். வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி கட்டாயம். பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை; அவரது நெருங்கிய சொந்தக்காரர்களுக்கும் இல்லை. முந்தைய 3 ஆண்டுகளில் பதவியில் இருந்தவரும் நிற்க முடியாது.

இங்கேதான் கவனிக்கணும். இது பிராமணர் ஊரின் சபை. நிலம் இல்லாதவருக்கும் வேதம் படிக்காதவருக்கும் அந்தக் குடத்தில் ஓலையே கிடையாது.

பெருமைப்படவும் விஷயம் இருக்கிறது, கேள்வி கேட்கவும் இருக்கிறது. ‘உலகின் முதல் ஜனநாயகம்’ என்ற ஒற்றை வரி இரண்டையுமே மறைத்துவிடும். அன்று சபை கேட்ட அதே வரவு செலவுக் கணக்கை, இன்று கிராம சபையில் நிலமே இல்லாதவரும் எழுந்து கேட்கலாம். கோயிலுக்குப் போய் வந்த கையோடு, உங்க ஊர் கிராம சபைக்கும் ஒரு தடவை போய்ப் பாருங்க!