மாத்திரையும் மஹல்லாவும்

எச்.ஐ.வி. நோய்க்கான கூட்டு மருந்து 2004 முதல் தாம்பரம் அரசு மருத்துவமனை உள்ளிட்ட இடங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. இடையில் நிறுத்தினால் கிருமி மீண்டும் பெருகும் என்பதும் நோயாளிகள் அறிந்ததே. ஆயினும் சிறுபான்மையினராகிய நம்முள் சிலர், மஹல்லாவின் கண்களுக்கு அஞ்சியே சிகிச்சையைக் கைவிடுகின்றனர். செய்தி கசிந்தால் மகளின் நிக்காஹ் நின்றுவிடுமோ, மௌத்தானால் மய்யித்தைக் குளிப்பாட்ட ஆள் வருமோ என்று கலங்குகின்றனர்.

ரமலானில் இவ்வச்சம் இரட்டிப்பாகிறது. நோயாளி நோன்பைப் பிற்படுத்திக்கொள்ளத் திருக்குர்ஆன் சலுகை தந்திருக்கிறது. விளக்கம் கேட்பவர்கள் நாம்தாம்! நாளுக்கொரு முறை உண்ணும் இன்றைய மாத்திரையை, மருத்துவர் இசைந்தால், ஸஹரிலோ நோன்பு திறந்த பின்னரோ உட்கொள்ளலாம். இவ்விரண்டையும் ஷஅபான் மாத ஜும்ஆ பயானிலேயே இமாம்கள் எடுத்துரைக்க வேண்டும். எந்த நோயின் பெயரையும் சுட்டாமலே சொல்லலாம். கேட்க வேண்டியவர் கேட்டுக்கொள்வார்.